கோஷா வராண்டா

அஜீஸுன்னிசாவுக்குக் கோபம் வந்தால் வீட்டுப் பூனைகூட சுவரோரமாகத்தான் நடக்கும். அன்றைக்கு வந்த கோபத்துக்கு அது ஊரைவிட்டே போயிருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். ஆம்பூர்த் தோல் வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து ஒரு பிரசவ ஆஸ்பத்திரி கட்டியிருந்தார்கள். ஓட்டுக் கட்டடம். முன்னால் நீளமாக வராண்டா. உள்ளே வியாபாரிகள் கூடிப் பேச ஒரு முன் ரூம், அதைத் தாண்டிப் பெரிய ரூம் ஒன்று, அதில் இரும்புக் கட்டில்கள், கஞ்சி போட்ட வெள்ளை விரிப்புகள். அதற்குக் கோஷா ரூம் என்று பெயர். திரைக்குள்ளேயே இருக்கும் பெரிய வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்கு வந்தால் அவர்களுக்கு அந்த ரூம். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிற பெண்டுகளுக்கு வராண்டாவில் பாய்.

இதில் கூத்து என்னவென்றால், பெரிய வீட்டுப் பெண் ஒருத்தியும் அந்த ரூமில் கால் வைத்ததே இல்லை. அவர்களுக்கு வலி கண்டால் நர்ஸம்மாவே ஜட்கா வண்டி ஏறி வீட்டுக்கு வந்துவிடுவாள். ஆகையால் கட்டில்கள் உள்ளே விரிப்புக் கசங்காமல் ஜம்மென்று இருந்தன. வெளியே சிமெண்டுத் தரையில், மழைச்சாரலில், பெண்கள் பிள்ளை பெற்றார்கள். இந்த அழகான ஏற்பாட்டைச் செய்த கமிட்டியில் தாடிக்கும் மீசைக்கும் குறைவில்லை. பிள்ளை பெற்றவர்தான் ஒருவரும் இல்லை. கமிட்டிக்குத் தலைவர் நிசார் அஹமது சாயபு. அவர் அஜீஸுன்னிசாவின் வீட்டுக்காரர்.

இதையெல்லாம் அவளிடம் வந்து சொன்னவள் அமிர்தவள்ளி. சாயபுவின் தோல் ஷாப்பில் பதனிட ஆவாரம் பட்டை இடிக்கிற பெண்களில் ஒருத்தி. அவளை யாரும் தலைவி என்று வைக்கவில்லை, அவளாக ஆகிவிட்டாள். தெருவில் யாருக்குக் காய்ச்சல், யார் புருஷன் அடித்தான், யாருக்கு மாசமாக இருக்கிறது, எல்லாம் அவளுக்குத்தான் முதலில் தெரியும். கமிட்டியிடம் போய்க் கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துவிட்டது.

"பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லியே அனுப்பறாங்க பீபிம்மா. எத்தினி நாளைக்குத்தான் பாப்பாங்க? நம்ம அந்தோணி பொண்டாட்டி ஐப்பசி மழையில அந்த வராண்டாவுலதான் பெத்தா. குளிர்ல ஜன்னி கண்டு போய்ச் சேர்ந்துட்டா. இப்ப எம் பொண்ணு ரங்கம்மா நெறமாசமா நிக்கறா. தலைப்பிள்ளை. எனக்கு வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கற மாதிரி இருக்குது."

"உள்ள கட்டில் சும்மாதானே கெடக்குது? ஏன் விட மாட்டேன்றாங்க?"

"உங்களுக்காக ஒதுக்கி வச்சிருக்காங்களாம். எங்க நாத்தம் உங்களுக்கு ஒத்துக்காதாம்."

"எனக்கா?" என்றாள் அஜீஸுன்னிசா. "என்னை யார் கேட்டா?"

பூனை ஓடியிருக்க வேண்டிய இடம் இதுதான்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். நிசார் அஹமது நல்ல மனுஷர். தோலைக் கையால் தடவிப் பார்த்தே ஆடு எந்தச் சந்தையில் வாங்கியது என்று சொல்லிவிடுவார். ஆனால் பக்கத்தில் இருப்பவர் முகத்தைச் சுளித்தால் போதும், மனுஷருக்கு வாயே திறக்காது.

"உங்க மரியாதைக்காகத்தான் அந்த ரூம்" என்றார்.

"கட்டடம் கட்டின காசு எங்கேர்ந்து வந்துச்சு? தோல்லேர்ந்துதானே? காசு நாறல, அவங்க மட்டும் நாறுறாங்களா?"

"கமிட்டியில பேசணும் அஜீஸ்."

"நீங்கதானே கமிட்டி?"

"நான் மட்டுமா? மத்தவங்க என்ன நெனப்பாங்க?"

"ஏன், அங்க போனா வாயில கொழுக்கட்டையா வச்சிக்கிறீங்க?"

சாயபு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். எப்போதும் தப்பிக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அஜீஸுன்னிசாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்குள் பிரமாதமான யோசனை ஒன்று வந்துவிட்டது. அமிர்தவள்ளி அடுத்த தடவை வந்ததும், பெட்டியைத் திறந்து தன் புர்கா ஒன்றை எடுத்து உதறிக் காட்டினாள்.

"வலி கண்டதும் இதை ரங்கம்மாவுக்குப் போட்டு என் ஜட்காவுல ஏத்திடு. என் தங்கச்சி மகள்னு சொல்லிக்கலாம். எவன் திரையைத் தூக்கி மூஞ்சியைப் பாக்கப் போறான்? ராணி மாதிரி உள்ள போய்டுவா!"

அமிர்தவள்ளி முதலில் சிரித்தாள். புர்காவைக் கையில் வாங்கி, அதன் நேர்த்தியைத் தடவிப் பார்த்தாள். பிறகு மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"வேணாம் பீபிம்மா."

"ஏன்? புதுசுதான்."

"எம் பொண்ணு போய்டுவா. எங்க தெருவுல இன்னும் எத்தினி பேரு முழுகாம இருக்கறாங்க, அவங்களுக்கெல்லாம்? அத்தினி தங்கச்சி மவளுங்க உங்களுக்கு ஏது? அதுவும் இல்லாம, எம் பொண்ணு இன்னார் பொண்ணுன்னு எம் பேரைச் சொல்லிக்கினுதான் உள்ள போகணும். ஒளிஞ்சி போய்ப் பெத்தா, பொறக்கறதும் ஒளிஞ்சிக்கினே இருக்கணும்."

அஜீஸுன்னிசாவுக்கு முகம் சுண்டிப்போனது. பிறந்ததிலிருந்து அவள் கொடுத்த எதையும் யாரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையை வெடுக் வெடுக்கென்று கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நல்லது செய்யப் போனால் இவளுக்கு இவ்வளவு ராங்கியா என்று இருந்தது. ஆனால் அவள் சொன்னதில் தப்புக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை, அதுதான் பெரிய எரிச்சல்.

"சரி. அப்ப நான் இன்னா பண்ணணும்? நீயே சொல்லு" என்றாள் கடைசியில். இந்த வார்த்தைகளை அவள் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

அமிர்தவள்ளி கிட்டே வந்தாள். "வெள்ளிக்கிழமைக் காலைல கமிட்டி அந்த ஆஸ்பத்திரிக்குள்ளதான் கூடுது. உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் வராண்டா ஒண்ணுதான் வழி. ஜன்னலுக்கெல்லாம் கம்பி. நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்க வீட்டுப் பொம்பளைங்களோட வந்து, திரை கட்டிக்கினு, வராண்டாவுல எங்களோட சும்மா ஒக்காந்தாப் போதும்."

"ஒக்காந்தா?"

"கோஷாப் பொம்பளைங்க திரை கட்டி ஒக்காந்திருந்தா ஆம்பளைங்க தாண்டிப் போவாங்களா?"

அஜீஸுன்னிசாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறி, அமிர்தவள்ளிதான் தலையில் தட்ட வேண்டியிருந்தது.

படைக்கு ஆள் சேர்ப்பது கஷ்டமாக இல்லை. சாயபுவின் அக்கா ஹலீமா பீ, நல்ல பருமனான, எதற்கும் அஞ்சாத அம்மாள். விஷயத்தைப் பாதி கேட்டதுமே, "அங்க போனா திங்கறதுக்கு என்ன எடுத்துக்கறது?" என்றுதான் கேட்டாள். தன் மருமகள்களையும் கிளப்பிவிட்டாள். வீட்டைவிட்டு வெளியே போகக் காரணம் கிடைக்காதா என்று காத்திருந்த பெண்கள் அவர்கள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையிலேயே ரங்கம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. கதைக்குத் தோதாக வந்தது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள்? அமிர்தவள்ளி மகளைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் வராண்டாவில் படுக்கவைத்துவிட்டு, பீபிம்மாவுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஜட்கா ஓட்டுகிற கவுஸ் பாஷாவுக்கு வழியெல்லாம் உதறல். "பேகம் சாஹிபா, சாயபுக்குத் தெரியுமா?"

"அவர் அங்கதான் இருக்கார். போய்க் கேட்டுக்கோ" என்றாள் அஜீஸுன்னிசா.

வண்டிகள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றன. கவுஸ் பாஷா வழக்கம்போல, "கோஷா! கோஷா!" என்று குரல் கொடுத்தான். தெருவில் நின்ற ஆண்கள் சட்டென்று முதுகைக் காட்டினார்கள். வண்டித் திரை, ஜமுக்காளம், போர்வை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தூணுக்குத் தூண் கட்டி, பெண்கள் வராண்டா முழுவதையும் மூடிவிட்டார்கள். திரைக்குள்ளே புழுக்கம் தாங்காமல் ஹலீமா பீ புர்காவைக் கழற்றி எறிந்துவிட்டு, கமிட்டி ரூம் கதவுக்கு நேராகக் காலை நீட்டி உட்கார்ந்து விசிறிக்கொண்டாள்.

அஜீஸுன்னிசா மட்டும் உட்காரவில்லை. பாயில் சுருண்டு கிடந்த ரங்கம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னப் பெண். பள்ளிகொண்டா ரங்கநாதருக்கு வேண்டிக்கொண்டு பிறந்தவளாம். பாய்க்குக் கீழே தரை ஈரம். வலி வரும்போது பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் அந்தப் பெண் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துப் பாயில் நேற்றுப் பெற்றவள் ஒருத்தி, குழந்தையைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டியிருந்தாள். அஜீஸுன்னிசாவும் ஆறு பெற்றவள்தான். பஞ்சு மெத்தையில், பூட்டின கதவுக்குள், நாலு பேர் கால் பிடித்துவிடப் பெற்றவள். என் பெயரைச் சொல்லித்தானே இவர்களை இங்கே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. குனிந்து உட்கார்ந்து, தூணைப் பிடித்திருந்த கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள். அடுத்த வலியில் அந்தப் பெண் பிடித்த பிடியில் ரெண்டு வளையல் நொறுங்கியது.

அப்போதுதான் கம்பவுண்டர் தேவசகாயம் வெற்றிலை துப்ப வெளியே வரக் கதவைத் திறந்தார். எதிரே ஹலீமா பீ.

"ஏசுவே!" என்று கண்ணை மூடிக்கொண்டு, கதவைப் படீரென்று சாத்தினார். துப்ப வந்ததை விழுங்கியிருப்பார், பாவம்.

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. நர்ஸம்மா மட்டும் கதவை ஒருக்களித்துத் திறந்து வெளியே வந்து, வராண்டாவை ஒரு சுற்றுப் பார்த்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு ரங்கம்மாவிடம் போனாள். கோஷா ரூம் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கியது. கமிட்டி சொல்லாமல் திறந்தால் வேலை போய்விடும்.

"யாரது வெளியில?" கதவுக்குப் பின்னால் நிசார் அஹமதுவின் குரல்.

அந்நிய ஆண்கள் காதில் பேகத்தின் குரல் விழக் கூடாது. அஜீஸுன்னிசா அமிர்தவள்ளியின் காதில் சொன்னாள். அமிர்தவள்ளி கதவைப் பார்த்துக் கத்தினாள்:

"உங்க வீட்டுப் பீபிம்மாதான்! ஹலீமாம்மா, அவங்க மருமவளுங்க, எல்லாரும் வந்திருக்காங்க!"

"ஆபாவுமா?" அக்கா பேரைக் கேட்டதும் சாயபுவின் குரல் இறங்கிவிட்டது. "எதுக்கு?"

"சும்மா ஒக்காரத்தான் வந்தோம்னு சொல்லு" என்று கிசுகிசுத்தாள் அஜீஸுன்னிசா.

"பீபிம்மா சொல்றாங்க, பொம்பளைங்களுக்கு நீங்க போட்டுக் குடுத்த எடம் எப்படி இருக்குதுன்னு ஒக்காந்து பாக்க வந்தாங்களாம்! தரை ஐஸு மாதிரி இருக்குதாம்! கமிட்டியில இருக்கறவங்க ஒரு ராத்திரி இதுல படுத்துப் பாத்தாங்களான்னு கேக்கறாங்க!"

"நீ அப்படியா சொன்னே?" என்றாள் ஹலீமா பீ.

"ச்சூ ஆபா. சொல்லலாம்னு இருந்தேன்."

உள்ளே யாரோ கனைத்தார்கள். யாரோ, "ஜும்மாத் தொழுகைக்கு நேரமாகுது, இன்னா பேஜார் இது!" என்றார்கள். ஜன்னல் வழியாகக் கவுஸ் பாஷாவைக் கூப்பிட்டு வேறு வழி இருக்கிறதா என்று விசாரித்தார்கள். "கம்பியை அறுக்கணும் சாயபு" என்றான் அவன், சிரிப்பு வராமல் இருக்கக் குதிரையின் பிடரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

அமிர்தவள்ளி நிறுத்தவில்லை. பீபிம்மா சொல்றாங்க, அந்தோணி பொண்டாட்டி செத்ததுக்கு யார் பதில் சொல்றது. பீபிம்மா சொல்றாங்க, யாரும் படுக்காத கட்டிலுக்கு எதுக்கு வாரா வாரம் விரிப்பு மாத்தறீங்க. அஜீஸுன்னிசா காதில் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள். தன் பெயரில் அவள் பேசுவதைக் கேட்கக் கேட்க, நாம் இவ்வளவு நன்றாகப் பேசுவோமா என்று பெருமையாகக்கூட இருந்தது.

ரங்கம்மா வீறிட்டாள். "நேரம் நெருங்கிடுச்சு" என்றாள் நர்ஸம்மா. அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது.

"சரி, சரி" என்றார் சாயபு அவசரமாக. "நாங்க மூலையில திரும்பி நின்னுக்கறோம். பேகமுங்க எல்லாரும் கோஷா ரூமுக்குள்ள போய்டுங்க. உங்களுக்காகத்தானே அது இருக்குது. வழியை மட்டும் விடுங்க."

முதல் தடவையாக அமிர்தவள்ளி பதிலுக்காகத் திரும்பி அஜீஸுன்னிசாவின் முகத்தைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போய்விட்டால் பேகத்துக்கு மரியாதை குறையாது. புருஷன் முகமும் காப்பாற்றப்படும். ரங்கம்மா தரையில் கிடப்பாள்.

அஜீஸுன்னிசா எழுந்தாள். கதவருகே போனாள். யார் காதிலும் சொல்லவில்லை.

"என் பேரைச் சொல்லிப் பூட்டின ரூம் எனக்கு வேணாம்!" என்றாள், கதவு அதிரும்படி. "ரங்கம்மா அமிர்தவள்ளி பொண்ணு. அவ முதல்ல உள்ள போகணும். இங்க பாயில கெடக்கறவங்க அத்தினி பேரும் போகணும். கடைசிப் பாய் காலியானதுக்கப்புறம்தான் நான் எழுந்துப்பேன். ஜும்மா எனக்கும் தெரியும். அல்லாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்!"

ஹலீமா பீயின் விசிறி நின்றுவிட்டது. அந்நியர்கள் நிறைந்த ரூமுக்குப் பேகத்தின் குரல் போய்விட்டது. இனி திருப்பி எடுக்க முடியாது.

உள்ளே ஒரு மெம்பர் மெல்ல, "அதுக்கில்ல சாயபு, அந்த நாத்தம்..." என்று ஆரம்பித்தார்.

"நாம திங்கற சோறே அந்த நாத்தம்தான்யா!" என்று கத்தினார் நிசார் அஹமது. அவரா அது என்று மனைவிக்கே சந்தேகம் வந்தது. "நர்ஸம்மா! ரூமைத் தெறங்க! எல்லாரையும் உள்ள படுக்க வைங்க. இனிமே வராண்டாவுல பாய் போட்டா நான் கமிட்டியில இல்ல!"

நர்ஸம்மா அதற்குள் உள்ளே ஓடிப் பூட்டைத் திறந்துவிட்டிருந்தாள். பெண்கள் ரங்கம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கமிட்டிக்காரர்கள் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள், வாத்தியாரிடம் அடி வாங்கப்போகிற பிள்ளைகளைப் போல. கடைசிப் பாயும் உள்ளே போனதும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலைப் பார்த்து ஓடினார்கள். தேவசகாயமும் கூட ஓடினார். அவருக்கு ஜும்மா இல்லை என்பது பாதி வழியில்தான் நினைவு வந்ததாம்.

தொழுகை முடிந்து ஜனங்கள் வீடு திரும்புகிற வேளையில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. நல்ல குரல். தாயும் சுகம். அமிர்தவள்ளி சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். தேம்பித் தேம்பி, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அஜீஸுன்னிசாவும் கூட அழுதாள். ஹலீமா பீ டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் சமோசா கொடுத்தாள்.

இரண்டு பேரும் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து பார்த்தால், வெள்ளை விரிப்பின் நடுவில் குழந்தை மட்டும் தூங்கிக்கொண்டிருந்தது. ரங்கம்மா கீழே, கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏய், இதுக்கா இந்தப் பாடு பட்டோம்? மேல ஏறு!" என்று அதட்டினாள் அஜீஸுன்னிசா.

"அழுக்காய்டும் பீபிம்மா."

"ஆகட்டும்! அழுக்காகத்தான் விரிப்பு!" கையைப் பிடித்து ஏற்றிப் படுக்கவைத்தாள். தானும் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் தட்டிக் காட்டினாள். "நீயும் ஒக்காரு அமிர்தம்."

கமிட்டியையே ஓடவிட்டவள் தயங்கினாள். "இருக்கட்டும் பீபிம்மா. நிக்கறேன்."

"காலைலேர்ந்து நின்னுக்கினுதானே இருக்கறே. ஒக்காரு."

"பழக்கமில்ல" என்றாள் அமிர்தவள்ளி. குறையாகச் சொல்லவில்லை, வெயில் மழை பற்றிப் பேசுகிற மாதிரிதான் சொன்னாள். "உங்க வீட்டுக்கு இத்தினி வருஷமா வர்றேன். ஒரு நாளும் ஒக்காருன்னு சொன்னதில்லியே."

கமிட்டியைக் கேட்ட கேள்வியெல்லாம் வரிசையாக அஜீஸுன்னிசாவையே பார்த்துத் திரும்பி நின்றது. எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, விடாமல், கட்டிலில் தன்னோடு இழுத்து உட்காரவைத்தாள். அமிர்தவள்ளி நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அஜீஸுன்னிசா இன்னும் உள்ளே இழுத்தாள். எடம் இருக்குது போலிருக்கே என்று ஹலீமா பீயும் வந்து உட்கார, கட்டில் கிறீச்சென்று அலறியது.

"யாரது கட்டில் மேல?" நர்ஸம்மா வெந்நீர்ப் பாத்திரத்தோடு வாசலில் நின்றாள். "இது ஆஸ்பத்திரியா கல்யாண வீடா? பெத்தவளைத் தவிர அத்தினி பேரும் கீழ எறங்குங்க! அறிவு வேணாம்?"

அஜீஸுன்னிசாவை அப்படி யாரும் திட்டியதே இல்லை. பேகம் என்றும் பட்டை இடிக்கிறவள் என்றும் பார்க்காமல் எல்லோருக்கும் சேர்த்து ஒரே திட்டு. மூன்று பேரும் அடித்துப் பிடித்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார்கள். பேகத்தின் தோளும் அமிர்தவள்ளியின் தோளும் இடித்துக்கொண்டன. நர்ஸம்மா அந்தப் பக்கம் திரும்பியதும், இரண்டு பேரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் சிரித்தார்கள்.